கறுப்புக் காரின் நோட்டில் பதின்மூன்று நாள்

ஆடி பிறக்க இன்னும் ஒன்பது நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை, மாலை ஆறே கால் மணி. செம்பூரில் என் சமையலறை ஜன்னலுக்குள் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அதைச் சாத்திவிட்டுத் திரும்பும்போது போன் அடித்தது. இந்த விவரமெல்லாம் என் ஞாபகசக்தி அல்ல. அன்றைய டைரியில் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எழுதி வருகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். தேதிகள் சரியாக இருந்தால் மற்றவை தாமாகச் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. இப்போது எழுதுவது பழக்கத்தால்.

“மேடம், ஒரு வண்டி பாத்து வச்சிருக்கேன். நீங்க ஒருதடவ வந்து பாக்கணும்” என்றார் போனில் பேசியவர்.

அவர் எங்கள் கம்பெனியில் பத்தொன்பது வருடம் டிரைவராக இருந்தவர். நான் அங்கே நிர்வாகப் பிரிவில் இருந்தேன். டிரைவர்கள் தினமும் கொடுக்கும் ஓட்டச் சீட்டைச் சரிபார்ப்பது என் வேலைகளில் ஒன்று. காலையில் வண்டி எத்தனை கிலோமீட்டர் காட்டியது, மாலையில் எத்தனை, நடுவில் எங்கே போனது. ஒரு கிலோமீட்டர் இடித்தாலும் கூப்பிட்டுக் கேட்பேன். மற்ற டிரைவர்களுக்கு என்னைக் கண்டால் எரிச்சல். இவருக்கு மட்டும் அதில் ஒருவித மரியாதை. நான் ஓய்வு பெற்ற மறு வருடம் கம்பெனி தன் கார்களையெல்லாம் விற்றுவிட்டு வாடகை வண்டிக்கு மாறியது. டிரைவர்களுக்குக் கணக்கு முடித்து அனுப்பினார்கள்.

அதன் பிறகு அவர் தாராவியிலிருந்து விடிவதற்கு முன் கிளம்பி, ஐரோலியில் வேறொருவரின் வண்டியில் கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். ஐம்பத்து மூன்று வயது. இடுப்பு வலி. அந்த வண்டியின் முதலாளிக்கு இவர் மகன் வயது. இவரை ‘ஏய்’ என்றுதான் கூப்பிடுவானாம்.

“செம்பூர் மண்டபத்து மேனேஜர் சொல்லுதாரு, பெரிய கறுப்பு வண்டியா, ஒன் சொந்த வண்டியா கொண்டாந்தா ஆவணியிலேர்ந்து மாப்பிள்ளை அழைப்பு பூரா ஒனக்குத்தான்னு. மாட்டுங்காவுல ஒரு மாமி வீட்டுல அப்படியே ஒரு வண்டி நிக்கி மேடம். பதினோரு வருச வண்டி. ஆனா பதினோராயிரம்தான் ஓடியிருக்கு. சீட்டு பிளாஸ்டிக்க இன்னும் பிரிக்கவே இல்ல.”

“பதினோரு வருஷமா பிரிக்கலையா?”

“அதான் சொல்லுதேன். புதுசு கெட்டுச்சு!” சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனா ஆடி பொறந்துட்டா கைய வைக்க முடியாது. ஊர்க்காரனுக்குத்தான ஆடி? மத்தவனுக்கு என்ன ஆடி? எவனாவது தூக்கிட்டுப் போயிருவான். நீங்க பாத்து சரின்னுட்டா திங்கக்கிழமையே முடிச்சிருவேன். என் சீட்டுல ஒரு கிலோமீட்டர் தப்புனாலும் புடிச்சவுக நீங்க. ஒங்க கண்ணுக்கு முன்னால ஒரு வண்டி பொய் சொல்லிருமா?”

கம்பெனி கொடுத்த மொத்தத்தையும் அந்த வண்டியில் போடப் போகிறார் என்று புரிந்தது. சரி என்றேன்.

எனக்கு கார் ஓட்டத் தெரியாது. அன்று இரவும் மறுநாள் முழுக்கவும் அந்த வண்டியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஜெர்மன் கம்பெனி செடான். இந்த மாதிரிப் பெரிய கார்கள் பழசானால் விலை சரிந்துவிடும், உதிரிப் பாகத்தின் விலை மட்டும் சரியாது என்று எல்லாரும் ஒரே குரலில் எழுதியிருந்தார்கள். எஞ்சின் தாங்கும், படுத்துவது வயர்களும் உள்ளே இருக்கும் சின்னச் சின்னக் கம்ப்யூட்டர்களும்தான் என்றார்கள். பதினேழு கேள்விகளை ஒரு தாளில் எழுதி வரிசை எண் போட்டேன். ஒரே உரிமையாளரா, எங்கே நிறுத்துகிறார்கள், டயர் எந்த வருடத்தது, சஸ்பென்ஷன் மாற்றியதா என்று போகும் அந்தப் பட்டியல்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மாட்டுங்காவில் இறங்கினேன். டிரைவர் இஸ்திரி போட்ட சட்டையில், நெற்றியில் திருநீறோடு, பெண் பார்க்க வந்தவர் போல நின்றிருந்தார். பழைய நாலு மாடிக் கட்டடம். தெருவை விடக் கீழ்த்தளம் தாழ்வு. ஒரு சரிவில் இறங்கித்தான் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போக வேண்டும். சுவரில் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரை ஒரு நிறம், அதற்கு மேல் வேறு நிறம். இதையும் டைரியில் எழுதியிருக்கிறேன்: ‘சுவருக்குப் பாதி வரை தனியாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.’ எழுதினேன், அவ்வளவுதான்.

துணி உறையை டிரைவர் இரண்டு கையாலும் சுருட்டி எடுத்தார். கீழே அந்தக் கார் கண்ணாடி போல நின்றது. அதன் கதவில் என் முகமும் என் கையிலிருந்த தாளும் தெரிந்தன.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். அதைக் குனிந்து படித்தேன். கண்ணாடிகளின் மூலையில் இருந்த குறியைப் படித்தேன். எல்லாக் கண்ணாடியும் ஒரே வருடம். எதுவும் உடைந்து மாற்றியதில்லை. பின் இருக்கையின் பெல்ட்டை இழுத்தேன். பாதி வந்ததும் அதில் தைத்திருந்த தேதித் துண்டு தெரிந்தது. படித்து எழுதிக்கொண்டு பெல்ட்டை விட்டேன். சரக்கென்று உள்ளே போய்விட்டது.

“மேடம் வண்டிக்கே ஜாதகம் எழுதுதாக” என்றார் டிரைவர், பெருமையாக.

மேலே இரண்டாம் மாடியில் மாமி தனியாக இருந்தார். எழுபத்தைந்து வயதுக்கு மேல். கணவர் போய் மூன்று மாதம். மகன் வெளிநாட்டில், வண்டியை விற்றுவிடு என்று அவன்தான் நச்சரிக்கிறான்.

“அவர் பத்து நாழி ஓட்டினா இருபது நாழி தொடைப்பர்” என்றார் மாமி. “வெள்ளிக்கிழமை கோவில், ஞாயித்துக்கிழமை சபா. அதுக்கு மேல எங்க போறது? நான் ஒருநாள் கூட முன்சீட்ல உக்காந்ததில்லை. பிளாஸ்டிக் சத்தம் போடும், வேர்க்கும். பிரிச்சுடுங்கோன்னா, அழுக்காயிடும்பர். எல்லாம் எழுதி வெச்சிருக்கர். பாக்கறயா?”

அலமாரியிலிருந்து நீளவாட்டு நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். முதல் பக்கத்தின் நாலு மூலையிலும் மஞ்சள். உச்சியில் பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே வண்டி வீட்டுக்கு வந்த தேதி, கிழமை, நட்சத்திரம், கிலோமீட்டர். அடுத்த பக்கத்திலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி, வரி முடிவில் கிலோமீட்டர். ஓட்டாத நாளில்கூட காலையில் போய் எஞ்சினை உயிர்ப்பித்து, ‘ஸ்டார்ட், 5 நிமிஷம்’ என்று எழுதியிருந்தார். டயருக்குக் காற்று, எண்ணெய் மாற்றம், பாட்டரி, எல்லாம் தேதியோடு. கையெழுத்து பதினொரு வருடத்தில் கொஞ்சம் நடுங்க ஆரம்பித்திருந்தது. வரி மட்டும் நேராகவே போயிற்று.

டிரைவருக்கு மாமி மோர் கொடுத்தார். நான் மேஜையில் உட்கார்ந்து அந்த நோட்டை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. அப்படி ஒரு மனிதரை நான் சந்தித்திருக்கலாமே என்று தோன்றியது. என்னைப் போலவே ஒருவர் ரயிலில் இருபது நிமிட தூரத்தில் இத்தனை வருடம் இருந்திருக்கிறார். நான் வண்டியைப் பார்ப்பதை நிறுத்தியது அந்த மேஜையில்தான்.

ஒரே ஒரு இடத்தில் நாட்கள் விட்டுப்போயிருந்தன. ஐந்து வருடத்துக்கு முந்தைய ஜூலையில் ஒரு திங்கட்கிழமை ‘ஸ்டார்ட்’ என்று இருக்கிறது. அதற்கடுத்த வரி பதின்மூன்று நாள் கழித்து: ‘கோவில். அர்ச்சனை.’ நடுவில் ஒன்றுமில்லை. கிலோமீட்டரைக் கழித்துப் பார்த்தேன். அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் ஒன்பது கிலோமீட்டர் கணக்கில் வரவில்லை.

ஓட்டச் சீட்டாக இருந்தால் அங்கேயே கூப்பிட்டுக் கேட்டிருப்பேன். ஆனால் எனக்கு உடனே விடை தெரிந்துவிட்டது. பத்து நாள் தீட்டு, பதின்மூன்றாம் நாள் சுபம், பிறகு முதல் காரியமாகக் கோவில். எங்கள் வீடுகளில் சாவு என்றால் நாட்கள் இப்படித்தான் விழும். அவருடைய அம்மாவோ அண்ணாவோ போயிருப்பார்கள். அந்த ஒன்பது கிலோமீட்டர்? சயான் மயானத்துக்குப் போய்வர ஏழு. வழியில் யாரையாவது இறக்கிவிட்டிருந்தால் ஒன்பது. பிள்ளையார் சுழி போட்ட நோட்டில் மயானம் என்று யார் எழுதுவார்கள்? அவர் எழுதாமல் விட்டதே எனக்கு அவர் மேல் மதிப்பைக் கூட்டியது.

கணவரை இழந்த ஒரு பெண்மணியின் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, ‘அந்த ஜூலையில் உங்கள் வீட்டில் யார் செத்துப்போனார்கள்?’ என்று கேட்க முடியுமா? நோட்டை மூடினேன். தாளில் பதினேழு கேள்விக்கும் எதிரே டிக் போட்டாயிற்று.

“என்ன, சரியா இருக்கா?” என்றார் மாமி.

“இந்த மாதிரி நோட்டு நான் பார்த்ததே இல்லை மாமி” என்றேன். அது உண்மை.

சனிக்கிழமை, வண்டியை ஆண்டாப் ஹில்லில் டிரைவருக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். மாமி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: “விக்கற வரைக்கும் அது அவர் வண்டி. ஓட்டிப் பாருங்கோ, மூடியைத் திறந்து பாருங்கோ. சீட்டு, கீட்டு எதையும் பிரிக்கப்படாது.”

மெக்கானிக்கும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஆனால் பிறந்தது வளர்ந்ததெல்லாம் இங்கே. தகரக் கூரைக்குக் கீழே வண்டி நுழைந்ததும் வாயைப் பிளந்தார்.

“என்னவே, மாப்பிள்ளை வண்டி வாங்கப் போறீராமே? ஒமக்கு எப்பம் கல்யாணம்?”

“ஒம்ம மாமியாரக் கேட்டுச் சொல்லுதேன். முதல்ல வண்டியப் பாரும்வே.”

ஒரு மணி நேரம் பார்த்தார். ஒரு கருவியை மாட்டி அதன் திரையில் எதையோ படித்தார். டிரைவரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து வடாலா வரை போய்வந்தார். இறங்கியபோது முகத்தில் கேலி இல்லை.

“எஞ்சின் தங்கம். கியர் வழுக்கல. ஆனா மேடம், இந்த மாதிரி வண்டிக்கு உசுரு சீட்டுக்கு அடியில கெடக்கு. கம்ப்யூட்டர் டப்பா, வயர்க் கட்டு எல்லாம் கார்ப்பெட்டுக்குக் கீழ. சீட்டக் கழட்டி, கார்ப்பெட்டத் தூக்கிப் பாத்துட்டா எனக்கு ஒரு சந்தேகம் இருக்காது. ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க.”

டிரைவர் என்னைப் பார்த்தார். இரண்டு நாள் என்றால் திங்கட்கிழமை போய்விடும். செவ்வாயில் வாங்க மாட்டார். புதன்கிழமை அமாவாசை கழிந்த பாட்டிமை, புதுக் காரியத்துக்கு ஆகாது. வியாழன் ஆடி. இதையெல்லாம் அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை, எனக்கே தெரியும்.

நான் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து மெக்கானிக்கிடம் நீட்டினேன். மாமி எனக்கு இரவல் கொடுத்திருந்தார்.

“நோட்டு வாசிக்கவா மேடம் எனக்குத் தெரியும்? இங்க படிச்சவன். தமிழ் எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் வரும். எனக்கு வயர்தான் வாசிக்கத் தெரியும்.”

“பதினொரு வருஷம். தினமும் எழுதியிருக்கிறார்.”

“ஒரு நாள்கூட விடலையா?”

“ஒரே ஒரு தடவை. பதின்மூன்று நாள். வீட்டில் தீட்டு.”

“தீட்டுன்னு எழுதியிருக்கா?”

“அதையெல்லாம் எழுத மாட்டார்கள்.”

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். “நீங்க படிச்சவுக” என்றார். பிறகு டிரைவரிடம், “என்னவே செய்யப் போறீர்?”

“மேடம் சொல்லட்டும்.”

மூன்று பேரும் என் வாயைப் பார்த்த மாதிரி இருந்தது. மூன்றாவது அந்த வண்டி. சீட்டைக் கழற்ற மாமி சம்மதிக்க மாட்டார் என்று சொன்னேன். நோட்டு இருக்கும்போது அது தேவையும் இல்லை என்றேன். தேவையில்லை என்று நான் சொன்ன நேரம் பிற்பகல் ஒன்று நாற்பது.

திங்கட்கிழமை ராகு காலம் முடிந்து ஒன்பதரைக்கு மாமி சாவியைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். டிரைவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நோட்டையும் கொடுத்துவிடுங்கள் என்று நான்தான் கேட்டு வாங்கி அவரிடம் கொடுத்தேன். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து எழுதச் சொன்னேன்.

“எனக்கு எழுத்து கோழிக் கிறுக்கலா இருக்கும் மேடம்.”

“தேதி தெரிந்தால் போதும்.”

ஆடி முழுக்க வண்டி தாராவியில் அவர் வீட்டுத் தெரு முனையில் நின்றது. வாடகைக்கு ஓட்ட மஞ்சள் பலகைக்கு எழுதிக் கொடுத்து, அலைந்து, வாங்கிவிட்டார். ஐரோலி வேலையை ஆடிப் பெருக்கன்று விட்டார். அதைச் சொல்ல எனக்குப் போன் செய்தார். “இன்னைக்கு அவன் ‘ஏய்’ன்னான். ‘போடா’ன்னுட்டு வந்துட்டேன் மேடம்.” அவ்வளவு சந்தோஷமான குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

ஆவணி முதல் வாரத்தில் ஒரு முகூர்த்தம். அதற்கு முந்தைய மாலை, புதன்கிழமை, மாப்பிள்ளை அழைப்பு. மண்டபம் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். என்னை வந்து பார்க்கச் சொல்லியிருந்தார். கோவில் வாசலில் வண்டி நின்றது. முகப்பில் ரோஜாவும் கதவுகளில் மல்லிகைச் சரமுமாக ஜோடித்திருந்தார்கள். அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கவில்லை; வேலையில் இருக்கும் டிரைவர் தெரிந்தவர்களைப் பார்த்துக் கை ஆட்டக் கூடாது என்பது அவர் வழக்கம். கண்ணால் மட்டும் சிரித்தார்.

கோட்டு சூட்டில் மாப்பிள்ளையும் அவருடைய அக்காவும் பின்சீட்டில் ஏறினார்கள். பிளாஸ்டிக் சத்தம் எனக்கே கேட்டது. நாதஸ்வரமும் பாண்டும் முன்னால் போக, வண்டி நடை வேகத்தில் நகர்ந்தது. தூறல் இருந்ததால் கண்ணாடிகளை ஏற்றியிருந்தார்கள்; டிரைவர் பக்கத்தில் மட்டும் மேலே ஒரு சின்ன இடுக்கு. மண்டபத்துக்கு இன்னும் இருநூறு அடி இருக்கும். முன்பக்க விளக்குகள் ஒருமுறை அணைந்து எரிந்தன. பிறகு துடைப்பான் தானாக ஆடியது. பிறகு எல்லாமே நின்றுவிட்டது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. நாதஸ்வரக்காரர்கள் முன்னால் போய்க்கொண்டே இருந்தார்கள். உள்ளே டிரைவர் பொத்தான்களை அழுத்துவது தெரிந்தது. கதவு திறக்கவில்லை, கண்ணாடி இறங்கவில்லை. மாப்பிள்ளையின் அக்கா கண்ணாடியைத் தட்டினாள். மாப்பிள்ளை கழுத்து டையைத் தளர்த்தினார். மூடிய கண்ணாடியில் அவர் மூச்சு வெண்மையாகப் படிந்தது.

“மாப்பிள்ளைய அழைச்சுட்டு வரச் சொன்னா அடைச்சு வெச்சுட்டானே!” என்று மாப்பிள்ளையின் மாமா கத்தினார். நாலைந்து பேர் சிரித்தார்கள். “ஏ பாய், தோட் டாலோ காச்!” என்று கண்ணாடியை உடைக்கச் சொன்னான் பாண்ட் வாத்தியக்காரன் ஒருவன். கடைசியில் டிரைவர் தன் பக்கத்துக் கண்ணாடி இடுக்கில் நுழைந்த இரண்டு விரலால் சாவிக்குள்ளிருந்த சின்ன இரும்புச் சாவியை வெளியே தள்ள, ஒருவர் அதை வாங்கி வெளியிலிருந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தார். மாப்பிள்ளை முன்சீட்டைத் தாண்டிக் காலைத் தூக்கி வைத்து, டிரைவரின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். ரோஜா மாலை கியர்க் கம்பியில் மாட்டி அறுந்தது. மீதி தூரத்தை மழையில் நடந்தே போனார்.

மண்டபத்து மேனேஜர் குடையோடு வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “நல்ல சகுனம்யா” என்றார். அதற்கு மேல் டிரைவரிடம் அவர் பேசவில்லை. அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை ஆண்டாப் ஹில்லில் சீட்டுகளைக் கழற்றினார்கள். பின்சீட்டு பெல்ட்டை மெக்கானிக் இழுத்தார். நான் படித்த தேதித் துண்டைத் தாண்டியும் இழுத்தார். கடைசி ஒரு முழம் காபி நிறத்தில் இருந்தது. பிறகு கார்ப்பெட்டின் மூலையை வெட்டித் தூக்கினார். கீழே பஞ்சுக்குள் காய்ந்த சேறு பாளம் பாளமாக இருந்தது. வயர்கள் சேரும் இடங்களில் பச்சை பூத்திருந்தது. கம்ப்யூட்டர் டப்பாவைத் திறந்து சாய்த்தார்; கொஞ்சம் மண் கொட்டியது.

“இந்தாங்க மேடம், ஒங்க தீட்டு” என்றார்.

டிரைவர் அவரை அதட்டினார். “மேடத்த ஒண்ணும் சொல்லாதவே.”

“நான் என்னத்தச் சொல்ல? தண்ணி சீட்டு மட்டத்துக்கு ஏறியிருக்கு. எவனோ மேலாகக் கழுவி ஓட்டிக் குடுத்திருக்கான். வாரம் ரெண்டு தடவ பக்கத்துல போயிட்டு வந்த வரைக்கும் தாங்கிச்சு. மாத்தணும்னா இந்த வயர்க் கட்டு பூரா மாத்தணும், டப்பா அத்தனையும் மாத்தணும். நீரு வண்டிக்குக் குடுத்தத விட ஜாஸ்தியாகும். மாத்துனாலும் நான் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டேன்.”

“ஓடும்லா?”

“ஓடும். எங்க நிக்கும்னு சொல்ல முடியாது.”

டிரைவர் தலையை ஆட்டினார். மாப்பிள்ளையை ஏற்றுகிற வண்டிக்கு அதுதான் தீர்ப்பு என்று அவருக்குத் தெரியும்.

அங்கிருந்து நேராக மாட்டுங்கா போனேன். கோபமாகத்தான் போனேன். மாமி கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்து, உட்காரச் சொன்னார். நோட்டில் விட்டுப்போன பதின்மூன்று நாளைப் பற்றிக் கேட்டேன்.

“அதுவா? வெள்ளம் வந்துதே அப்போ. கீழ பூரா தண்ணி. ரெண்டு நாள் வண்டி தண்ணிக்குள்ள நின்னுது. அவர் மேலேர்ந்து பாத்துண்டே உக்காந்திருந்தர், சாதம்கூடச் சாப்பிடலை. அப்புறம் குர்லாக்கு அந்தாண்ட ஒரு ஒர்க்‌ஷாப்காரன் கயறு கட்டி இழுத்துண்டு போனான். சரி பண்ணி ஓட்டிண்டு வந்தார். நேரா கோவிலுக்கு.”

குர்லாவுக்கு அப்பாலிருந்து வீட்டுக்கு ஒன்பது கிலோமீட்டர்.

“அவர் எழுதலையே மாமி.”

“கெட்டதை எழுத மாட்டர். சுழி போட்ட நோட்டாக்கும் அது. நீதான் ரெண்டு மணி நேரம் படிச்சயே. வெள்ளம் உனக்குத் தெரியாதா என்ன? தெரிஞ்சுண்டுதான் வாங்கறான்னு நெனச்சேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேடி.” பிறகு, “நீ என்ன நெனச்சே?” என்றார்.

சொன்னேன்.

“ஐயோ, எங்காத்துல அந்த வருஷம் ஒருத்தரும் போகலையே” என்றார் மாமி.

மகனிடம் பேசிப் பார்க்கிறேன் என்றார். பேசவும் செய்தார். பார்த்துத்தானே வாங்கினார்கள் என்று அவன் சொல்லிவிட்டானாம். அதில் தவறு ஒன்றுமில்லை. பார்த்தது நான்.

வீட்டுக்கு வந்து ஐந்து வருடத்துக்கு முந்தைய டைரியை எடுத்தேன். அது அலமாரியில் கைக்கெட்டும் இடத்தில்தான் இருந்தது. அந்தத் திங்கட்கிழமைக்கு மறுநாள்: ‘இடைவிடாத மழை. மாட்டுங்கா, கிங்ஸ் சர்க்கிள் பக்கம் இடுப்பளவு தண்ணீர். ரயில் இல்லை. ஆபீஸ் போகவில்லை. பாதிப் புத்தகம் முடித்தேன்.’ என் கையெழுத்து. தெளிவாக இருக்கிறது. அந்த வியாழக்கிழமை மாட்டுங்காவிலிருந்து திரும்பியதும் இந்த ஒரு பக்கத்தைப் புரட்டியிருந்தால் போதும். இரண்டு நிமிட வேலை. தேதிகளை எழுதி வைத்தேன். ஒரு தேதியை இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

டிரைவர் வண்டியை விற்கப் பார்த்தார். வந்தவர்களிடம் வெள்ளத்தைப் பற்றி அவரே முதலில் சொல்லிவிடுவார், அவர்கள் போய்விடுவார்கள். சொல்லாமல் விற்கச் சொல்லி மெக்கானிக் திட்டினாராம். “நம்மள மாதிரி ஒருத்தன்தானவே வாங்குவான்?” என்று கேட்டாராம் இவர். புரட்டாசி போயிற்று. மழையும் விட்டது. உதிரிக்கு உடைக்கிற ஒருவர் எடை விலைக்கு வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார்.

ஐப்பசி இரண்டாம் வாரம், சனிக்கிழமை, வண்டியை ஏற்றிப்போக லாரி வந்தது. நானும் தாராவிக்குப் போயிருந்தேன். ஐரோலிப் பழைய முதலாளியிடமே திரும்பச் சேர்ந்திருப்பதாகச் சொன்னார். வேறு எங்கும் இந்த வயதில் எடுக்கவில்லை.

“என்ன சொன்னான்?”

“‘ஏய், வந்துட்டியா?’ன்னான்.”

என் மேல் ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நோட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி என்னிடம் கொடுத்தார். “ஒங்ககிட்ட இருக்கட்டும் மேடம். எங்க வீட்டுல எலி.”

அங்கேயே பிரித்துப் பார்த்தேன். மாமியின் கணவருடைய கடைசி வரிக்குக் கீழே இவர் ஒரு பிள்ளையார் சுழி போட்டு, பெரிய பெரிய எழுத்தில் ஆரம்பித்திருந்தார். ‘ஸ்டாட். கழுவினேன்.’ ‘ஸ்டாட். கழுவினேன்.’ ஆடி முழுக்க அதுதான். ஆவணியில் அந்தப் புதன்கிழமை: ‘கழுவினேன். பூ. கோவில். முதல் சவாரி.’ அதோடு முடிந்துவிட்டது. வண்டி நின்றதை அவரும் எழுதவில்லை.

கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். ஐந்து வருடத்துக்கு முந்தைய பக்கத்தைப் புரட்டி, அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே ‘வெள்ளம். பதின்மூன்று நாள். ஒர்க்‌ஷாப்பிலிருந்து 9 கி.மீ.’ என்று சின்ன எழுத்தில் எழுதினேன். இப்போது கணக்கு இடிக்கவில்லை. டிரைவர் என் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். “சரியா வந்துட்டா மேடம்?” என்றார். வந்துவிட்டது என்றேன்.

லாரிக்காரன் சங்கிலியை மாட்டி இழுத்தான். வண்டி பின்பக்கமாக ஏறியது. கதவு இடுக்கில் மல்லிகை நார் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் கையை நீட்டி அதைப் பிய்த்து எடுத்தார். கழற்றிய சீட்டுகளை உள்ளே திரும்பப் போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக்கை யாரும் பிரித்திருக்கவில்லை.